பெயர் இல்லாத பொதி போகாது

எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும் அவள் முதலில் அதன் உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள். சட்டை என்றால் கழுத்துப்பட்டையைத் திருப்பி, அங்கே தைத்திருக்கும் துண்டுத் துணியை விரலால் நீவிப் படிப்பாள். மருந்து டப்பா என்றால் உள்ளே மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளைப் பிரித்து, கடைசி வரி வரை கண்ணை ஓட்டிவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்துத் திரும்ப வைப்பாள். நாற்காலி வாங்கினால் கவிழ்த்துப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் கணவர் இதைக் கவனித்துவிட்டு, "நல்லவேளை, என்னைக் கவுத்துப் பாக்காம கட்டிக்கிட்டே" என்றார்.

"பாத்திருக்கணும்" என்றாள் அவள், சிரிக்காமல்.

மகளுக்குப் பேச்சு வந்த பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். "அம்மா, பிஸ்கட் பாக்கெட்டைப் படிச்சு முடிச்சாச்சா? நாங்க சாப்பிடலாமா?"

இது ஏன் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். அவளுடைய அம்மா ஒரு துணிக்கடைக்கு வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுத்தவள். கடைக்காரர் வெட்டிய துணியோடு கூடவே ஒரு நாடாச் சுருளையும் அனுப்புவார். நாடா முழுக்கக் கடையின் பெயர். பெயருக்குப் பின்னால் மறுபடி அதே பெயர். அதைத் துண்டு துண்டாகக் கத்தரித்துக் கொடுப்பது சிறுமியாக இருந்த அவளுடைய வேலை. அம்மா கை தைத்து, காலர் தைத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்து, எல்லாம் முடிந்த பிறகு, தான் தைத்த சட்டைக்குள் அடுத்தவர் பெயரைத் தன் கையாலேயே வைத்துத் தைப்பாள். ஒரு நாள் இவள் கேட்டாள்: "உன் பேரை ஏம்மா தைக்கல?" அம்மாவின் வாயில் அப்போது குண்டூசிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "நேரா வெட்டு, கோணலா போகுது பாரு" என்றாள். அவ்வளவுதான் பதில். அன்றைக்கு வந்த கோபம் இன்று வரை அவளைவிட்டு இறங்கவில்லை. உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்து, கூப்பிட்டால் எழுந்து வருகிறது. கூப்பிடாவிட்டாலும் வருகிறது.

அவள் படித்தது கணினி. மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் திரும்ப வேலை தேடினாள். நேர்காணலில் ஒருவர் பின் ஒருவராக, "இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார்கள். ஒரு ஆளை உண்டாக்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "குடும்பம் சார்" என்று முடித்துக்கொள்வாள். கடைசியில் ஒரு சின்ன நிறுவனத்தில் இடம் கிடைத்தது. கீழே டயர் கடை, மேலே ஆஃபீஸ். மாடிப்படியில் ஏறும்போதே ரப்பர் வாடை கூடவே ஏறி வரும். மருத்துவமனைகளில் நோயாளிக்கு முறை எண் கொடுப்பது, அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கணித்துச் சொல்வது, வரிசையைப் பலகையில் காட்டுவது - இதற்கான மென்பொருளை எழுதி விற்பதுதான் அங்கே தொழில்.

அதில் அவளுக்குக் கிடைத்தது கடைசி வேலை. எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். சோதிக்கிறவர்கள் சோதிப்பார்கள். எல்லாக் கோப்புகளையும் ஒன்றுசேர்த்து, கணினி ஓட்டக்கூடிய ஒரே பொதியாகக் கட்டி, தன் மின்கையெழுத்தைப் போட்டு அனுப்புகிறவள் அவள். அப்படிக் கட்டுவதற்கு அங்கே பில்ட் என்று பெயர். பில்ட் ஓடினால் திரையில் பச்சை, உடைந்தால் சிவப்பு. கையெழுத்து இல்லாத பொதியை மருத்துவமனைக் கணினிகள் உள்ளே விடாது. கையெழுத்துப் போடும் ஆளை மாற்றுவதென்றால் அவர்கள் ஒப்புதல் கொடுக்க வாரக்கணக்கில் ஆகும். பொதி கட்டுகிறவள் என்பதால் ஆஃபீஸில் அவளுக்குப் பொட்டலக்கா என்று பெயர் வைத்தார்கள். பக்கத்து மேசையில் இருந்த சோதனைக்காரி வைத்தது. அவள் வாயிலிருந்து வந்ததால் இவள் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தப் பொதிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அந்த ஆஃபீஸில் எழுதவில்லை. பாதிக்கு மேல் இரவல். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி, இந்தா எடுத்துக்கொள் என்று பொதுவில் வைத்துவிட்டுப் போனவை. எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எழுதியவர் பெயரும் உரிமமும் இருக்கிற இந்தச் சின்ன அறிவிப்பை மட்டும் கூடவே வைத்திருங்கள்.

அப்படி எழுதியவர்களில் ஒருவரை அவர்கள் தேதிக்காரர் என்று சொல்வார்கள். தேதிகளைக் கூட்டிக் கழிக்கும் ஒரு குட்டி நிரல் அவருடையது. 'ஒரு மாதம் கழித்து வாருங்கள்' என்று மருத்துவர் சொன்னால் அது எந்தத் தேதி என்று சொல்வது அந்த நிரல்தான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி வந்த நோயாளியை ஒரு மாதம் கழித்து வரச் சொன்னால், பிப்ரவரியையே தாண்டி மார்ச் மாதத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. கூச்சம் வேறு. எழுதி, அழித்து, மறுபடி எழுதி, முன்பின் தெரியாத அந்த மனிதருக்கே அனுப்பினாள். அவர் அன்றைக்கே திருத்தினார். நன்றி சொன்னார். அதோடு விடாமல், தன் அறிவிப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: மாதக் கடைசிப் பிழையைக் கண்டு சொன்னவர் இன்னார் என்று, அவள் பெயரைப் போட்டு.

பள்ளிச் சான்றிதழுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் பிறகு அவள் பெயர் எழுத்தில் ஏறியது அங்கேதான். அவள் யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. பொதி கட்டும்போதெல்லாம் அந்தக் கோப்பைத் திறந்து, கடைசி வரி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடுவாள். காலரைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

வருஷங்கள் ஓடின. குழுவுக்குப் புதுத் தலைவர் ஒருவர் வந்தார். அவர் அனுப்பும் எல்லாச் செய்தியும் 'அவசரம்' என்றுதான் தொடங்கும். மதியம் யார் யார் வெளியே சாப்பிடப் போகிறீர்கள் என்று கேட்பதற்கும் அவசரம். அதனால் அவர் இல்லாத இடத்தில் அவருக்கு அதுதான் பெயர். அவரைக் கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் நேரம் வேண்டும். அவருக்கு அதுவும் கிடையாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம் அவர்களுடைய மென்பொருளை வாங்க வந்தது. அவர்களுடைய வக்கீல் ஒரே ஒரு விஷயம் கேட்டார்: பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமத்தில் வந்தது என்று தெரிய வேண்டும். நியாயமான கேள்வி. அவளைக் கேட்டிருந்தால் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்து கொடுத்திருப்பாள். அவசரம் கேட்கவில்லை. தானே ஒரு குட்டி நிரல் எழுதினார். அது எல்லாக் கோப்பின் தலையிலும் ஓர் அறிவிப்பை ஒட்டிக்கொண்டே போனது: 'இது எங்கள் நிறுவனத்தின் சொத்து. எல்லா உரிமையும் எங்களுக்கே.' தாங்கள் எழுதிய கோப்பு, இரவல் வாங்கிய கோப்பு என்ற பாகுபாடே இல்லை. தேதிக்காரரின் கோப்பின் தலையிலும் அது ஏறி உட்கார்ந்தது.

பில்ட் உடைந்தது. உடையாமல் என்ன செய்யும்? தரவுக் கோப்புகளில் சில இருக்கின்றன. அவற்றில் வெறும் குறிப்பாக ஒரு சொல் எழுதினாலும், படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிடும். வேறு சில கோப்புகளில் முதல் வரியே, என்னை எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் வரி. அதற்கு மேலே எதை வைத்தாலும் கணினிக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. திரை முழுக்கச் சிவப்பு.

"என்னாச்சு, என்னாச்சு?" என்று மேசைக்கு மேசை ஓடினார் அவசரம்.

"தலையில கல்லைத் தூக்கி வெச்சா எழுந்து நடக்குமா?" என்று சோதனைக்காரி முணுமுணுத்தாள். அவர் காதில் அது விழவில்லை. அவர் இன்னொரு நிரல் எழுதிக்கொண்டிருந்தார். ஓடுவதற்குத் தேவையான வரிகளை மட்டும் விட்டுவிட்டு, கோப்பின் தலையில் இருக்கும் குறிப்புகள் அத்தனையையும் வழித்தெடுக்கும் நிரல். அது எடுத்தது. அவர் ஒட்டியதை மட்டும் அல்ல, எழுதியவர்கள் முதலிலிருந்தே வைத்திருந்ததையும் சேர்த்து. தனியாக இருந்த உரிமக் கோப்புகளையும், ஓடாத கோப்பு எதற்கு என்று அள்ளி வெளியே போட்டார். பில்ட் பச்சையானது. அவர் கை தட்டினார். கூடவே நாலு பேர் தட்டினார்கள்.

பொதி கட்டுவதற்கு முன், போன முறைக்கும் இந்த முறைக்கும் என்னென்ன மாறியிருக்கிறது என்று வரி வரியாகப் பார்ப்பது அவள் வழக்கம். அன்றும் திறந்தாள். நீக்கிய வரிகள் சிவப்பில் ஓடின. பெயர்கள். ஆணும் பெண்ணுமாக, வாய்க்குள் நுழையாத பெயர்கள், சின்னப் பெயர்கள், புனைபெயர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிவப்புக் கோடு. ஓட்டிக்கொண்டே வந்தவள் தேதிக்காரரிடம் வந்து நின்றாள். அவர் பெயர் போயிருந்தது. அவர் கேட்ட அந்த ஒரே வரி போயிருந்தது. கடைசி வரியும் போயிருந்தது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

எழுந்து போய் அவர் மேசை முன்னால் நின்றாள். வழக்கமாக அவள் யார் மேசைக்கும் போகிறவள் அல்ல.

"சார், இதுல மத்தவங்க நோட்டீஸும் சேர்ந்து போயிருக்கு."

"எது மேடம்?"

"நாம வெளிய இருந்து எடுத்துப் போட்டது எல்லாத்துலயும். எழுதினவங்க பேரு, லைசென்ஸு, ஒண்ணு விடாம."

"பில்ட் ஓடுதா?"

"ஓடுது."

"அப்புறம் என்ன?"

"ஓடறது வேற சார். அவங்க கேட்டதே ஒண்ணே ஒண்ணு. அதையும் பிடுங்கிட்டோம்."

"எந்த மூலைலயோ உக்காந்து எழுதினவன் இங்க வந்து நம்ம பொட்டலத்தைப் பிரிச்சுப் பாக்கப் போறானா?"

"நான் பிரிச்சுப் பாக்கறேனே."

அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். விசைப்பலகையை அவள் அன்று தட்டிய தட்டில் சோதனைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

"பொட்டலக்கா, அந்தக் கீபோர்டு பாவம். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"சும்மா இரு நீ."

வேலை என்னவோ அன்று மாலைக்குள் முடிந்தது. இரவல் கோப்புகளையெல்லாம் பழைய நிலையிலிருந்து அப்படியே திருப்பி எடுத்தாள். யார் தலையிலும் எதையும் ஒட்டவில்லை. குறிப்பு எழுத இடம் கொடுக்காத தரவுக் கோப்புகளுக்கு, அதே பெயரில் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கோப்பு வைத்து, இது இன்னாருடையது என்று எழுதினாள். பொதியாகக் கட்டும்போது கோப்புகளின் தலையில் இருக்கும் குறிப்புகள் உதிர்ந்துவிடும் என்பதால், எல்லா அறிவிப்புகளையும் ஓர் எழுத்து மாற்றாமல் ஒரே கோப்புறையில் வைத்தாள். பொதிக்குள் என்னென்ன போக வேண்டும் என்று கருவிக்குச் சொல்லும் இடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: இந்தக் கோப்புறையைத் திறக்காதே, படிக்காதே, அப்படியே எடுத்து உள்ளே வை. ஓட்டினாள். பச்சை.

"இவ்வளவுதானா?" என்றாள் சோதனைக்காரி. "இதுக்கா அந்த மனுஷன் சாமி வந்த மாதிரி ஆடினாரு?"

"நீ நல்லா ஓட்டிப் பாரு. எங்கயாவது இடறுதான்னு சொல்லு."

எங்கும் இடறவில்லை. பலகை ஓடியது, முறை எண் வந்தது, தேதி சரியாகக் காட்டியது.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால் அவள் சேர்த்த அந்த ஒரு வரியைக் காணோம். 'அவசரம்: தேவையில்லாத ஃபோல்டர் நீக்கம்' என்று ஒரு செய்தி மட்டும் இருந்தது. இந்த முறை அவள் அவர் மேசைக்குப் போனபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், உங்களுக்குப் புரிய மாட்டேங்குது. வக்கீல் பாக்கப் போறாரு. இத்தனை பேரு இருந்தா இத்தனை கேள்வி கேப்பாரு. இவ்வளவும் அடுத்தவங்க எழுதினதுன்னா நீங்க என்னதான் எழுதினீங்கன்னு கேப்பாரு. பேரே இல்லன்னா கேள்வியே இல்ல. எல்லாம் நம்ம எழுதினதுதான்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முதல் தடவை நடந்தது அவசரம். கை தவறிய வேலை, திட்டிவிட்டு மறந்துவிடலாம். இரண்டாவது தடவை நடந்தது அது அல்ல. நிதானமாக, யோசித்து, பெயர் இருக்கிற இடத்தைப் பார்த்துக் கத்தரித்திருக்கிறார். நாடாச் சுருளை அனுப்பிய அந்தக் கடைக்காரரும் இப்படித்தான் மெதுவாகப் பேசுவார். அம்மாவை 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து, அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

அந்த ஆத்திரம் அவளோடு வீடு வரை வந்தது. கதவைச் சாத்திய விதத்திலேயே மகள் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். பாத்திரங்கள் அன்று மெதுவாகக் கழுவப்படவில்லை. கணவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர், பொறுமைசாலி. என்ன ஏது என்று கேட்டார். அவள் கொட்டித் தீர்த்தாள். தன் பெயர் அதில் இருக்கிற விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, கேட்காமலே இருந்திருக்கலாம் என்கிற மாதிரி ஒன்று சொன்னார்.

"சரி விடும்மா. ஒரு பேருதானே? அதுக்கா இவ்வளவு கோபம்?"

அவள் ஈரக்கையைத் துடைத்தாள். அலமாரியைத் திறந்தாள். திருப்புளியை எடுத்தாள். வெளியே போய், வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பித்தளைப் பலகையைக் கழற்றினாள். அதில் கணவரின் பெயரும் பட்டமும் மட்டும் இருந்தன. கொண்டுவந்து காய்கறிக் கூடைக்கு அடியில் வைத்துவிட்டு, மறுபடி பாத்திரம் கழுவப் போனாள். அவர் எதையும் கவனிக்கவில்லை. மகள் கவனித்தாள், வாயில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவருக்கு ஒரு பார்சல் வர வேண்டியிருந்தது. கண் சோதிக்கும் விளக்குக்கு உதிரி பாகம், பல நாளாகக் காத்திருந்தது. அந்தக் கட்டடத்தில் எல்லாக் கதவும் ஒரே சாயம், ஒரே கைப்பிடி, எண்ணும் கிடையாது. கொண்டுவந்தவர் மாடிக்கு மாடி ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, பெயரைக் காணோம் என்று திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மாலையில் கணவர் வாசலில் நின்றுகொண்டே கத்தினார்.

"இங்க இருந்த என் பேரு எங்க?"

"ஒரு பேருதானே?" என்றாள் அவள், உள்ளே இருந்தபடி.

மகள் அறைக்குள் போய்ச் சிரித்தாள். அவர் சுவரில் இருந்த திருகு ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "உன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா?" என்றார். "நான் எங்க பேசினேன்?" என்றாள்.

பொதியை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. எல்லாம் தயாராக இருந்தது. கோப்புறை மட்டும் உள்ளே இல்லை. 'அவசரம்: கையெழுத்துப் போடவும்' என்று செய்தி வந்தது. அவள் போடவில்லை. மறுபடி வந்தது. மறுபடியும் போடவில்லை. அவரே எழுந்து வந்தார்.

"மேடம், என்ன ஆச்சு? அங்க காத்திட்டிருக்காங்க."

"பேரு இல்லாத பொதிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

ஆஃபீஸில் நாற்காலிகள் திரும்பும் சத்தம் கேட்டது.

"விளையாடறீங்களா?"

"அந்த ஒரு வரியைத் திரும்பச் சேருங்க. இப்பவே போடறேன்."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன. இவள் எதற்கு இவ்வளவு ஆடுகிறாள் என்று அவர் முந்தின நாளே அந்தக் கோப்புறையை நோண்டிப் பார்த்திருக்கிறார். அது அப்போது வெளியே வந்தது.

"ஏன்னு எனக்குத் தெரியாதா? தேதிக்காரர் நோட்டீஸ்ல கடைசில யாரு பேரு இருக்கு? சொல்லுங்க எல்லாருக்கும். நியாயம், தர்மம்னு என்னென்னவோ பேசினீங்க. உங்க பேரு இருக்கு, அதுக்குத்தானே இந்தச் சண்டை?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சோதனைக்காரியும் பார்த்தாள், அவளுக்கும் இது தெரியாது. இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாமல் பொத்திவைத்திருந்த ஒரே பொருளைச் சட்டைப்பையிலிருந்து உருவி நடுக்கூடத்தில் போட்ட மாதிரி இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் தலையைக் குனிந்திருப்பாள். இல்லை சார், அப்படி இல்லை என்று இழுத்திருப்பாள். அன்றைக்குக் கோபம் அவளுக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டது.

"ஆமா" என்றாள். "என் பேரு இருக்கு. நான் கண்டுபிடிச்சேன், அவரு போட்டாரு. நான் கேக்கக்கூட இல்ல. அதுக்கும்தான் சண்டை. மத்தவங்க பேருக்கும்தான் சண்டை. என் பேரு இருந்தா நான் வாயை மூடிக்கணும்னு எந்த லைசென்ஸ்ல எழுதியிருக்கு?"

சத்தம் கேட்டு முதலாளியம்மா தன் அறையிலிருந்து வந்தார். அதிகம் பேசாதவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்னம்மா பிரச்சினை?" என்றார். அவசரம் சொன்னார். இவள் சொன்னாள். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த ஃபோல்டரைச் சேர்த்தா பில்ட் உடையுமா?"

"உடையாது மேடம்" என்றாள் சோதனைக்காரி, யாரும் அவளைக் கேட்காமலே. "நான் ஓட்டிப் பாத்துட்டேன்."

"அப்ப சேர்த்து அனுப்புங்க. வக்கீல் கேட்டா நான் பேசிக்கறேன்." அவசரத்தை அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. போகிறவர் திரும்பி இவளைப் பார்த்தார். "கையெழுத்து ஒரே ஆள்கிட்ட இருந்தா என்ன ஆகும்னு இன்னைக்குத்தான் தெரியுது. ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட ஒப்புதலுக்கு எழுதுங்க. வேற ஆளுக்கு மாத்திடலாம்."

அந்த வரி திரும்பச் சேர்ந்தது. பில்ட் ஓடியது. பச்சை. அவள் கையெழுத்தைப் போட்டாள். பொதி போனது. அவள் எழுந்து முகம் கழுவப் போனாள். அழுததை யாரும் பார்க்கவில்லை. அது அழுகையும் அல்ல. கையாலாகாத ஆத்திரம் கண் வழியாக வந்தது, அவ்வளவுதான்.

வக்கீல் அறிவிப்புகளை எல்லாம் பொறுமையாகப் படித்தார். அவசரம் பயந்த கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. வந்தது ஒரே கேள்வி: மாதக் கடைசிப் பிழை என்று போட்டிருக்கிறதே, அது என்ன, இப்போது சரியாகிவிட்டதா? அவசரத்துக்கு அதை விளக்கத் தெரியவில்லை. இவளைக் கூப்பிட மனமும் வரவில்லை. சோதனைக்காரியை அனுப்பினார். அவள் வக்கீலிடம் விளக்கிவிட்டு வந்து, "எங்க அக்காதான் சார் அதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன், கோவிச்சுக்காத" என்றாள்.

கையெழுத்தை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைப்பதற்கு முன் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒளித்துச் செய்யவில்லை, எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் செய்தாள். பில்ட் தொடங்கும்போதே, இரவல் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் அதன் அறிவிப்பு கோப்புறையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையை எழுதிச் சேர்த்தாள். ஒன்று குறைந்தாலும் பில்ட் அங்கேயே நின்றுவிடும். 'பெயர் இல்லாத பொதி போகாது' என்று திரையில் சிவப்பில் எழுதும். அந்தச் சண்டைக்குப் பிறகு, அந்த ஆஃபீஸில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒப்புக்கொண்டால்தான் அது உள்ளே போகும் என்று ஆகியிருந்தது. சோதனைக்காரி ஒப்புக்கொண்டாள்.

"உடையக் கூடாதுன்னு வருஷக்கணக்கா பாத்துப் பாத்துக் கட்டினே. இப்ப நீயே உடைக்க ஏற்பாடு பண்ணிட்டுப் போறியேக்கா" என்றாள்.

"உடையட்டும்" என்றாள் அவள். "உடைஞ்சாத்தான் சில பேருக்குக் கண்ணு தெரியுது."

இப்போது அவள் மருத்துவமனைகளிலிருந்து வரும் புகார்களுக்குப் பதில் எழுதும் மேசையில் இருக்கிறாள். சம்பளம் குறையவில்லை, மேசை மட்டும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. அவசரமும் அவளும் பேசிக்கொள்வதில்லை; எதுவானாலும் எழுத்தில்தான். அந்தச் சோதனையை எடுத்துவிட அவர் ஒரு தடவை முயன்றார். ஒப்புக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. தேதிக்காரருக்கு அவள் இதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. புதுப் பொதி வெளியாகும் ஒவ்வொரு முறையும் அவள் அதை இறக்கி, பிரித்து, கோப்புறையைத் திறந்து, கடைசி வரி வரை பார்த்துவிட்டு மூடுகிறாள்.

வீட்டு வாசலில் கணவர் புதுப் பலகை மாட்டியிருக்கிறார். இரண்டு பெயர்கள் இருக்கின்றன. அவளுடையது கொஞ்சம் சின்ன எழுத்தில் இருக்கிறது; செய்தவன் அப்படிச் செய்துவிட்டான் என்கிறார். திருப்புளியை அவள் இன்னும் அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. பொதியில் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. அதன் மேல் போடும் கையெழுத்து மட்டும் அவளுடையது அல்ல.